கம்பியில்லாத் தந்தி கண்ட மார்க்கோனி



காலையில் நாம் பள்ளிக்குப் புறப்படும் வேளையில் வீட்டில் வானொலி பாடிக்கொண்டிருக்கிறது. மின்னல் எப்.எம். நிலையத்தில் அறிவிப்பாளர் பேசும் பேச்சு அதே வேளையில் கிள்ளானிலும் ஈப்போவிலும் சிரம்பானிலும் கேட்கிறது. சிங்கப்பூரின் ஒலி 96.8 நிலையம் பாடும் பாட்டை, நீரிணைக்கு இப்பால் ஜொகூர் பாருவில் வாழ்வோரும் கேட்டு மகிழ்கின்றனர். அப்பாட்டு பாலத்தைக் கடந்து வரவில்லை. கம்பி வழியாகவும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத அலையின் மீது ஏறி வருகிறது. அந்த அலையைப் பிடித்து வானொலிப் பெட்டிக்குள் கொண்டு சேர்ப்பது ஏரியல் என்று நாம் வழங்கும் ஒரு கம்பித் துண்டே.

நம் பாட்டனார் காலத்தில், தோட்டப்புற வீடுகளில் வானொலிப் பெட்டி வாங்கியவர்கள் முற்றத்தில் நீண்ட மூங்கிற் கழியை நட்டு, அதன் நுனியிலிருந்து கூரைக்குச் செம்புக் கம்பி இழுத்துக் கட்டுவார்கள். கம்பி உயர்ந்தால் ஓசை தெளியும் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்று அக்கம்பி சிறுத்துக் கைத்தொலைபேசிக்குள் மறைந்துவிட்டது. ஆயினும் வேலை ஒன்றுதான்.

கம்பியை உயர்த்தினால் செய்தி தொலைவு போகும் என்பதைத் தம் வீட்டுத் தோட்டத்தில் அளந்து கண்டறிந்து, அதனை உலகிற்குப் பயன்படச் செய்தவர் குல்யெல்மோ மார்க்கோனி என்னும் இத்தாலிய அறிஞர். அவர் பெரிய பட்டங்கள் பெற்றவர் அல்லர். பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேரும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டவில்லை. ஆயினும் அவர் செய்த பணி கடலில் தத்தளித்த பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. அவருடைய வாழ்க்கையை நாம் அறிந்துகொள்வது நன்று.

பிறப்பும் இளமையும்

மார்க்கோனி 1874ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 25ஆம் நாள் இத்தாலி நாட்டின் பொலோஞா நகரில் பிறந்தார். தந்தையார் ஜூசெப்பே மார்க்கோனி நிலபுலன்கள் உடையவர், சிக்கனமானவர். தாயார் ஆனி ஜேம்சன் அயர்லாந்து நாட்டைச் சேர்ந்தவர். அல்போன்சோ என்னும் அண்ணன் ஒருவர் இருந்தார். பொலோஞாவுக்கு அருகில் பொன்டெக்கியோ என்னும் சிற்றூரில் வில்லா கிரிபோனே என்ற பெரிய வீடு அவர்களுக்கு இருந்தது. சுற்றிலும் வயலும் தோப்பும், பின்புறம் சிறு குன்றும் அமைந்த இடம் அது.

சிறுவயதில் மார்க்கோனி கூச்சம் மிகுந்தவராய் இருந்தார். பள்ளிப் படிப்பு தொடர்ச்சியாக அமையவில்லை. ஊர் விட்டு ஊர் மாறியதால் நண்பர்களும் குறைவு. தாயார் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் தொழில் நடத்த அம்மொழியறிவு அவருக்குப் பெருந்துணையாயிற்று. பள்ளிப் பாடத்தில் பின்தங்கிய அச்சிறுவருக்கு மின்சாரம் என்றால் மட்டும் பசி, தூக்கம் மறந்துவிடும். கையில் கிடைத்த கம்பி, மணி, உலோகத் துண்டு எல்லாம் அவருக்கு ஆய்வுப் பொருள்களே.

லிவோர்னோ நகரில் வாழ்ந்தபோது இருவரிடம் அவர் பாடம் கற்றார். ஒருவர் வின்சென்சோ ரோசா என்னும் இயற்பியல் ஆசிரியர். மற்றவர் கண்பார்வை குன்றிய முதிய தந்தியாளர் ஒருவர். மார்க்கோனி அம்முதியவருக்குப் புத்தகங்களை வாசித்துக் காட்டினார். முதியவர் அவருக்குப் புள்ளியும் கோடுமாக அமைந்த மோர்ஸ் தந்திக் குறிகளைக் கற்பித்தார். முதியவருக்குச் செய்த அந்தச் சிறு தொண்டு, பின்னாளில் தமக்கே எத்துணைப் பயன் தரும் என்பதை அன்று அவர் அறிந்திருக்க மாட்டார்.

ஹெர்ட்ஸ் காட்டிய வழி

அக்காலத்தில் தந்தி இருந்தது, தொலைபேசியும் இருந்தது. ஆனால் இரண்டுக்கும் கம்பி வேண்டும். கம்பி செல்லாத இடத்திற்குச் செய்தி செல்லாது. துறைமுகத்தை விட்டு நீங்கிய கப்பல், மறு துறைமுகத்தை அடையும் வரையில் உலகத் தொடர்பு அற்றே கிடந்தது. நடுக்கடலில் அது மூழ்கினால் ஏன் மூழ்கியது, எங்கே மூழ்கியது என்று சொல்லவும் ஆள் இருக்காது.

ஒளியைப் போலவே மின்காந்த அலைகளும் வெளியில் பரவ முடியும் என்று ஸ்காட்லாந்து அறிஞர் மாக்ஸ்வெல் 1860களில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1887, 1888ஆம் ஆண்டுகளில் அவ்வலைகளைத் தம் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். அந்த மேதை 1894ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், 36 வயதிலேயே மறைந்தார். இன்று வானொலி நிலையங்களின் எண்ணோடு நாம் சேர்த்துச் சொல்லும் மெகாஹெர்ட்ஸ் என்னும் அளவு அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அவ்வாண்டுக் கோடையில் மலைப்பகுதியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த மார்க்கோனி, ஹெர்ட்ஸின் பணியை விளக்கும் கட்டுரை ஒன்றைப் படித்தார். அப்போது அவருக்கு வயது 20. கம்பியின்றிப் பரவும் இந்த அலையில் தந்திக் குறிகளை ஏற்றி அனுப்பினால் என்ன என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. எழுந்த எண்ணம் மறையவே இல்லை. பொலோஞாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவுகுஸ்தோ ரீகி, மார்க்கோனி குடும்பத்திற்கு அறிமுகமானவர். அவரிடம் சென்று மார்க்கோனி ஐயங்களைக் கேட்டறிந்தார்.

மாடி அறையில் ஒலித்த மணி

வில்லா கிரிபோனே வீட்டின் மேல்மாடியில், முன்னர்ப் பட்டுப்புழு வளர்த்த அறை ஒன்று இருந்தது. தாயார் அதனை மகனுக்கு ஒதுக்கிக் கொடுத்தார். அவ்வறையே அவருடைய ஆய்வுக்கூடம் ஆயிற்று.

அவர் அமைத்த கருவி எப்படி வேலை செய்தது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். ஒரு தூண்டுசுருள் உயர்ந்த மின்னழுத்தத்தை உண்டாக்கும். அருகருகே வைத்த பித்தளைக் குண்டுகளின் இடையே அம்மின்சாரம் பொறியாகப் பாயும். பொறி பறக்கும்போது அலைகள் எழுந்து எத்திசையிலும் பரவும். அலையை வாங்கும் பக்கத்தில் ஒரு சிறு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் உலோகத்தூள் இடப்பட்டிருக்கும். சும்மா இருக்கும்போது அத்தூள் வழியே மின்சாரம் எளிதில் போகாது. அலை வந்து பட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வழிவிடும். மின்சாரம் ஓடி மணி அடிக்கும். பின்னர் ஒரு சிறு சுத்தியல் குழாயைத் தட்டித் துகள்களை உதிர்த்துவிடும். அடுத்த குறியை ஏற்கக் குழாய் மீண்டும் அணியமாகிவிடும்.

இக்குழாயை ஆய்ந்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு அறிஞர் பிரான்லி. அதனை மேம்படுத்தியவர் ஆங்கிலேய அறிஞர் லாட்ஜ். மார்க்கோனி பல உலோகத் தூள்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, நிக்கலும் வெள்ளியும் கலந்த தூள் நன்றாக வேலை செய்வதைக் கண்டார்.

1894ஆம் ஆண்டு இறுதியில் ஓர் இரவு, உறங்கிக்கொண்டிருந்த தாயாரை எழுப்பி மாடிக்கு அழைத்துச் சென்றார். அறையின் ஒரு மூலையில் விசையை அழுத்தினார். இடையே எந்தக் கம்பியும் இல்லாமல் மறு மூலையில் மணி ஒலித்தது. மகன் காலத்தை வீணாக்குகிறான் என்று கடிந்துகொண்டிருந்த தந்தையாரும், பின்னர் இவ்வேலையில் பொருள் உண்டு என்பதை உணர்ந்து பணம் கொடுத்து உதவினார்.

தகரப் பெட்டி ஏறிய கம்பம்

1895ஆம் ஆண்டுக் கோடையில் ஆய்வு மாடியிலிருந்து தோட்டத்திற்கு இறங்கியது. அறைக்குள் சென்ற குறி தோட்டத்தைக் கடக்க மறுத்தது. பொறியை வலிதாக்கினார், போதிய பயன் இல்லை. குழாயைத் திருத்தினார், சிறிதே பயன் கிடைத்தது. பின்னர் ஒரு மாற்றம் செய்தார். பொறி பறக்கும் குண்டுகளில் ஒன்றை மண்ணில் புதைத்த உலோகத் தகட்டோடு இணைத்தார். மற்றொன்றைக் கம்பத்தின் உச்சியில் கட்டிய தகரப் பெட்டியோடு கம்பியால் இணைத்தார். வாங்கும் கருவிக்கும் அவ்வாறே செய்தார். ஒரு முனை மண்ணில், ஒரு முனை வானில். வீட்டில் கிடைத்த பொருள்களைக் கொண்டு அமைத்த எளிய ஏரியல் அது.

அவர் அத்துடன் நிற்கவில்லை. கம்பத்தின் உயரத்தை மட்டும் மாற்றி, குறி எவ்வளவு தொலைவு செல்கிறது என்று அளந்தார். பக்கத்திற்கு 30 சென்டிமீட்டர் அளவுள்ள தகரப் பெட்டியை 2 மீட்டர் உயரத்தில் கட்டியபோது குறி 30 மீட்டர் சென்றது. 4 மீட்டர் உயரத்தில் கட்டியபோது 100 மீட்டர் சென்றது. 8 மீட்டர் உயரத்தில் கட்டியபோது 400 மீட்டர் சென்றது. உயரத்தை இருமடங்காக்கினால் தொலைவு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது! பக்கத்திற்கு 1 மீட்டர் அளவுள்ள பெரிய பெட்டியை அதே 8 மீட்டர் உயரத்தில் கட்டியபோது குறி 2,400 மீட்டர் வரை எட்டியது.

இந்தக் கணக்கை நாம் நன்கு கவனிக்க வேண்டும். பெட்டி அதே பெட்டி. மாறியது உயரம் ஒன்றுதான். பின்னர் உயரம் அதே உயரம். மாறியது பெட்டியின் அளவு ஒன்றுதான். ஒரே வேளையில் பலவற்றை மாற்றியிருந்தால் எதனால் பயன் விளைந்தது என்று அவருக்கே தெரியாமல் போயிருக்கும். ஒன்றை மட்டும் மாற்று, அளந்து பார், எழுதி வை என்பதே அறிவியலின் அடிப்படை. பட்டம் பெறாத அவ்விளைஞர் அதனைத் தம் வீட்டுத் தோட்டத்திலேயே கற்றுக்கொண்டார்.

தொடக்கத்தில் அண்ணன் அல்போன்சோ வாங்கும் கருவியுடன் வயலில் நின்று, குறி வந்ததும் வெள்ளைத் துணியை அசைத்துக் காட்டினார். தொலைவு கூடியது; குன்றுக்கு அப்பால் சென்றால் துணியைக் காண இயலாது. ஆகவே அண்ணன் துப்பாக்கியை எடுத்துச் சென்றார். மார்க்கோனி வீட்டிலிருந்து குறியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். குன்றின் மறுபுறத்திலிருந்து வேட்டொலி கேட்டது. மலை மறைத்தாலும் அலை போய்ச் சேரும் என்பது அன்று மெய்ப்பட்டது.

தாயகம் விட்டு இங்கிலாந்துக்கு

1896ஆம் ஆண்டு தொடக்கத்தில் மார்க்கோனி தாயாருடன் இலண்டன் சேர்ந்தார். சுங்கச் சாவடியில் அவருடைய பெட்டியைச் சோதித்தபோது கருவி உடைந்து போயிற்று. அவர் மனம் தளராமல் மீண்டும் அமைத்தார். தாய்வழி உறவினர் ஹென்றி ஜேம்சன் டேவிஸ் துணை நின்றார். அஞ்சல் துறையின் தலைமைப் பொறியியலாளர் வில்லியம் பிரீஸ் என்னும் பெரியவர், முன்பின் அறியாத அந்த 22 வயது இளைஞருக்குக் கதவு திறந்துவிட்டார். அவ்வாண்டு சூன் திங்கள் 2ஆம் நாள் மார்க்கோனி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

1897ஆம் ஆண்டு மே திங்களில் பிரிஸ்டல் கால்வாயில் ஒரு பெரும் சோதனை நடந்தது. பிளாட் ஹோம் என்னும் தீவிலிருந்து லாவர்னாக் முனைக்கு, 5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடற்பரப்பின் மேல், குறியை அனுப்ப வேண்டும். முதலில் முயன்றபோது குறி வரவில்லை. பார்க்க வந்தவர்கள் ஏமாற்றம் அடைந்தனர். பின்னர் வாங்கும் கருவியைப் பாறை மேட்டிலிருந்து கீழே கடற்கரைக்குக் கொண்டு சென்றார்கள். கம்பத்தின் உச்சியிலிருந்து கருவி வரை செல்லும் கம்பி அதனால் மேலும் நீண்டது. மே 13ஆம் நாள் குறி தெளிவாக வந்தது. கருவியில் வேறு எதுவும் மாறவில்லை. கம்பி நீண்டது, அவ்வளவே. தோட்டத்தில் கற்ற பாடம் கடற்கரையில் கைகொடுத்தது.

அவ்வாண்டே அவருடைய நிறுவனம் தோன்றியது. 1899ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள், பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்குக் கடல் கடந்து கம்பியில்லாத் தந்தி சென்றது. அதே ஆண்டில் கலங்கரைக் கப்பல் ஒன்றின் மீது வேறொரு கப்பல் மோதியபோது, கம்பியில்லாத் தந்தியின் வழியே உதவி கோரப்பட்டது.

பெருங்கடல் கடந்த மூன்று புள்ளிகள்

அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்க வேண்டும் என்பது மார்க்கோனியின் பெருங்கனவு. உலகம் உருண்டை, அலையோ நேர்க்கோட்டில் செல்லும், ஆகவே அது வளைந்து செல்லாமல் விண்வெளிக்குப் போய்விடும் என்று அறிஞர் பலர் கருதினர். அவர்கள் காட்டிய காரணம் தவறானதன்று. ஆயினும் செய்து பார்க்காமல் முடிவு கட்ட மார்க்கோனி விரும்பவில்லை.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் போல்டூ என்னும் இடத்தில், ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள 20 கம்பங்களை வட்டமாக நட்டுப் பெரிய ஏரியல் அமைத்தார். 1901ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள் வீசிய புயலில் அத்தனையும் சாய்ந்தன. அமெரிக்கக் கரையில் அமைத்த ஏரியலும் நவம்பரில் புயலுக்கு இரையாயிற்று. பெரும்பொருள் செலவழித்த வேலை இரு கரைகளிலும் தரைமட்டமானது. வேறொருவராயின் கைவிட்டிருப்பார். மார்க்கோனியோ போல்டூவில் இரண்டு கம்பங்களை மட்டும் நட்டு, அவற்றினிடையே விசிறி போல் கம்பிகளைத் தொங்கவிட்டார். தாம் உதவியாளர் இருவருடன் கடல் கடந்து நியூபவுண்டுலாந்துத் தீவின் செயின்ட் ஜான்ஸ் நகருக்குச் சென்றார்.

அங்கே சிக்னல் ஹில் என்னும் குன்றின் மேல், பழைய மருத்துவமனைக் கட்டடம் ஒன்றில் தங்கினார். கம்பம் நட நேரம் இல்லை; டிசம்பர்க் குளிரும் காற்றும் கடுமை. ஆகவே கம்பியைத் தூக்கப் பட்டத்தையும் பலூனையும் நம்பினார். பலூன் ஒன்று காற்றில் அறுந்து கடலுக்குப் போயிற்று. டிசம்பர்த் திங்கள் 12ஆம் நாள் 150 மீட்டருக்கும் மேற்பட்ட கம்பியுடன் ஒரு பட்டம் வானில் ஏறியது. காற்றில் அது மேலும் கீழும் அலைந்தது. மார்க்கோனி தொலைபேசிக் குழலைக் காதில் வைத்துக் காத்திருந்தார். நண்பகல் கடந்து ஏறத்தாழ அரைமணி நேரத்தில், மூன்று சிறு ஒலிகளைக் கேட்டதாகக் குறித்தார். மோர்ஸ் குறியில் அது எஸ் என்னும் எழுத்து. குழலை உதவியாளர் கெம்ப்பிடம் கொடுத்தார், அவரும் கேட்டார். ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் அப்பாலிருந்து வந்த குறி அது.

அவர்கள் இருவரைத் தவிர வேறு சான்று இல்லாமையால், இச்செய்தியை ஐயுற்றவர்கள் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். மார்க்கோனி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1902ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிலடெல்பியா என்னும் கப்பலில் ஏறி, போல்டூவின் குறிகளைக் காகித நாடாவில் பதியச் செய்தார். கப்பல் தலைவர் அதற்குச் சாட்சியானார். இரவில் 3,300 கிலோமீட்டருக்கு அப்பாலும் குறி பதிவாயிற்று. பகலிலோ ஏறத்தாழ 1,100 கிலோமீட்டருக்கு மேல் எட்டவில்லை. இரவில் அலை தொலைதூரம் செல்லும் என்னும் புதிய உண்மையும் அவருக்குக் கிடைத்தது. வானின் மிக உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கு ஒன்று இருந்து அலையைப் பூமிக்குத் திருப்புகிறது என்பதைப் பிற அறிஞர்கள் பின்னர் விளக்கினர். 1909ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசை ஜெர்மானிய அறிஞர் பிரவுனுடன் மார்க்கோனி பகிர்ந்துகொண்டார்.

உயிர் காத்த ஏரியல்

1912ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு, டைட்டானிக் என்னும் மாபெரும் கப்பல் பனிப்பாறையில் மோதியது. அதில் பணியாற்றிய தந்தியாளர்கள் ஜாக் பிலிப்ஸ், ஹரால்டு பிரைடு ஆகிய இருவரும் மார்க்கோனி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். நீர் ஏறிக்கொண்டிருந்தபோதும் அவர்கள் இருக்கையை விட்டு எழாமல் உதவி கோரிக் குறிகளை அனுப்பினர். அக்குறியைக் கேட்ட கார்பேதியா என்னும் கப்பல் விரைந்து வந்து 700க்கும் மேற்பட்டோரைக் காத்தது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். பிலிப்ஸும் அவர்களுள் ஒருவர்.

இன்னும் அருகில் கலிபோர்னியன் என்னும் வேறொரு கப்பல் இருந்தது. அதிலும் கம்பியில்லாத் தந்தி இருந்தது, ஏரியலும் இருந்தது. ஆனால் அதன் ஒரே தந்தியாளர் அன்றைய வேலையை முடித்துக்கொண்டு உறங்கச் சென்றுவிட்டார். அவர் மீது குற்றம் இல்லை. இரவு முழுதும் விழித்திருக்க வேண்டும் என்ற விதி அன்று கிடையாது. உயர்ந்த கம்பி மட்டும் போதாது, அதன் முனையில் கேட்பதற்கு ஒருவர் விழித்திருக்கவும் வேண்டும் என்னும் பாடத்தை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1914ஆம் ஆண்டு நாடுகள் கூடி, கப்பல்களில் இடைவிடாது காது கொடுத்துக் கேட்கும் ஏற்பாட்டை வகுத்தன.

பிற்கால வாழ்வும் நிறைகுறைகளும்

1912ஆம் ஆண்டில் நேர்ந்த ஊர்தி விபத்தில் மார்க்கோனி வலக்கண்ணை இழந்தார். ஆயினும் ஆய்வை விடவில்லை. 1919ஆம் ஆண்டு எலெத்ரா என்னும் கப்பலை வாங்கி, அதனை மிதக்கும் ஆய்வுக்கூடமாக ஆக்கிக்கொண்டார்.

அக்காலத்தில் அவர் தம் கருத்தைத் தாமே திருத்திக்கொண்டார். மிக நீண்ட அலையும் மிகப் பெரிய ஏரியலும் இருந்தால்தான் தொலைதூரம் செல்லலாம் என்று பல்லாண்டுகளாக எண்ணிப் பெரும் நிலையங்களைக் கட்டியவர் அவர். பின்னர்ச் சிற்றலைகள் குறைந்த ஆற்றலிலேயே உலகைச் சுற்றி வரக் கண்டதும், உடன் பணியாற்றிய பிராங்கிளின் என்னும் பொறியியலாளருடன் சிற்றலை முறையை உருவாக்கினார். 1926ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும், 1927ஆம் ஆண்டு இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இம்முறையில் தொடர்பு ஏற்பட்டது. தாம் கட்டியது பழையதாகிவிட்டது என்று ஒப்புக்கொள்வதற்கும் துணிவு வேண்டும்.

வானொலியை மார்க்கோனி ஒருவரே கண்டுபிடித்தார் என்று கூறுவது முறையாகாது. ஹெர்ட்ஸ், பிரான்லி, லாட்ஜ் ஆகியோரை முன்னரே கண்டோம். உருசிய அறிஞர் போப்போவ் 1895ஆம் ஆண்டு உயர்ந்த கம்பியின் துணையால் தொலைவில் மின்னும் மின்னலை அறியும் கருவியைச் செய்தார். அதே ஆண்டில் கல்கத்தாவில் சகதீச சந்திர போசு, சுவர்களை ஊடுருவிச் செல்லும் அலையால் மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். மார்க்கோனியின் காப்புரிமை ஒன்றின் முதன்மைப் பகுதிகள் பிறர் முன்னரே செய்தவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1943ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. பலர் இட்ட படிகளின் மேல் ஏறி, அதனை உலகம் பயன்படுத்தும் கருவியாக்கியதே மார்க்கோனியின் பெருமை.

அவர் வாழ்வில் ஒரு கறையும் உண்டு. 1923ஆம் ஆண்டு முசோலினியின் பாசிசக் கட்சியில் சேர்ந்து, தம் புகழைக் கொடுங்கோல் ஆட்சிக்கு அணியாக்கினார். உலக மக்களை ஒன்றிணைக்கும் கருவியைத் தந்தவர், உரிமைக் குரலை அடக்கும் ஆட்சிக்குத் துணை நின்றது வருந்தத்தக்கது. அறிவு உயர்ந்தால் மட்டும் போதாது. அதனைக் கொண்டு யாருக்குத் துணை நிற்கிறோம் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1937ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 20ஆம் நாள் உரோமாபுரியில், 63ஆம் வயதில் மார்க்கோனி காலமானார். அவருக்கு அஞ்சலியாக வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடங்கள் ஒலியை நிறுத்தி மௌனம் காத்தன. அவர் கருவியைப் பேச வைப்பதற்கு முன் வானம் எப்படி அமைதியாய் இருந்ததோ, அப்படி அந்த இரண்டு நிமிடங்கள் இருந்திருக்கும்.

நாமும் ஓர் ஏரியல் செய்வோம்

மாணவர்களே, மார்க்கோனி செய்ததை நாமும் சிறு அளவில் செய்து பார்க்கலாம். மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலி ஒன்றும், மேலுறையுள்ள மெல்லிய செம்புக் கம்பியும், ஒரு மரக்குச்சியும், ஒட்டுநாடாவும், அளவுகோலும் போதும்.

முதலில் கம்பியின் நீளத்தைக் கணக்கிட வேண்டும். 300 என்னும் எண்ணை நிலையத்தின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். ஒலி 96.8 நிலையத்தை எடுத்துக்கொள்வோம். 300ஐ 96.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3 மீட்டர் 10 சென்டிமீட்டர். அதில் கால்பங்கு ஏறத்தாழ 77 சென்டிமீட்டர். அலையின் கால்பங்கு நீளமுள்ள கம்பி அந்த அலைக்கு நன்கு இசைந்து கொடுக்கும். உங்கள் ஊரில் கேட்கும் நிலையத்தின் எண்ணைக் கொண்டு நீங்களே கணக்கிடுங்கள்.

கம்பியின் ஒரு முனையில் 2 சென்டிமீட்டர் அளவுக்கு மேலுறையை நீக்குங்கள். வானொலியின் நீட்டுக் கம்பியை உள்ளே தள்ளிச் சுருக்கிவிட்டு, அதன் நுனியில் இம்முனையைச் சுற்றி ஒட்டுங்கள். அங்கிருந்து மேல்நோக்கிக் கணக்கிட்ட நீளத்திற்குக் கம்பியை மரக்குச்சியில் நேராக ஒட்டி நிமிர்த்தி வையுங்கள். இப்போது தெளிவில்லாமல் கேட்கும் ஒரு நிலையத்தைத் தேடுங்கள். தரையில் வைத்துக் கேளுங்கள். மேசைமேல் வைத்துக் கேளுங்கள். சன்னலோரம் வைத்துக் கேளுங்கள். அடுத்து, இடத்தை மாற்றாமல், குச்சியைச் சாய்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இரும்புக் கம்பி பொதிந்த சுவர்களுக்கு நடுவில் ஒலி மங்குவதையும், திறந்த சன்னலருகில் தெளிவதையும் பெரும்பாலும் நீங்களே காண்பீர்கள்.

சில எச்சரிக்கைகளை மறவாதீர்கள். கம்பியைச் சுவரில் உள்ள மின்துளையருகே கொண்டு செல்லலாகாது. மின்கம்பி செல்லும் பக்கம் நீட்டலாகாது. கூரைமேல் ஏறலாகாது. இடி மின்னல் வேளையில் இவ்வேலை கூடவே கூடாது. பெற்றோரோ ஆசிரியரோ உடனிருக்கச் செய்யுங்கள். நாம் செய்வது கேட்பதற்கு மட்டுமே. அலைபரப்புவதற்கு அரசின் உரிமம் வேண்டும்.

நிறைவாக

மார்க்கோனி பள்ளியில் முதல் மாணவராக விளங்கவில்லை. ஆனால் ஒரு தகரப் பெட்டியை இரண்டு மீட்டர் ஏற்றினார், அளந்தார். நான்கு மீட்டர் ஏற்றினார், அளந்தார். எட்டு மீட்டர் ஏற்றினார், அளந்தார். புயல் சாய்த்த கம்பத்திற்குப் பதில் பட்டத்தை ஏற்றினார். நம் வகுப்பிலும் பாடத்தில் பின்தங்கி, கையில் ஒரு கம்பியும் மனத்தில் ஒரு கேள்வியுமாக இருக்கும் மாணவர் இருக்கக்கூடும். அவரை நாம் ஏளனம் செய்யாமல், அவருக்கு மாடியில் ஓர் அறையைத் திறந்துவிட்ட தாயைப் போல ஊக்கம் அளிப்போம். உழைப்பிலும் ஆராய்ச்சியிலும் மார்க்கோனியைப் பின்பற்றுவோம். அவர் தவறிய இடத்தில் நாம் தவறாதிருப்போம்.

வளர்க அறிவியல் ஆர்வம்! வாழ்க நற்றமிழ்!